பெட்டி நிறைஞ்சிருக்கு

குணாளனின் உத்தியோகம் பேட்டரிப் பெட்டிகளின் உயிரை வாங்குவது. யார் கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்லிக்கொள்வான். கேட்டவர் திகைத்து நிற்கும்போது, வாங்கியதைத் திருப்பியும் கொடுத்துவிடுவேன் என்று சமாதானமும் சொல்வான்.

மிதவூரில் கம்பி வழியாக மின்சாரம் கிடையாது. கடல்மேல் மிதக்கும் ஊரில் கம்பி இழுத்தால் உப்புக்காற்று இரண்டே மாதத்தில் அதைத் தின்றுவிடும். அதனால் ஊருக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளிப் பெரிய தெப்பங்களில் சூரியத் தகடுகளைப் பரப்பி, அங்கேயே பெட்டிகளில் மின்சாரத்தை நிரப்பி, படகில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்தார்கள். எல்லாம் தண்ணீர் கேன் மாதிரிதான். தீர்ந்த பெட்டியைக் கொடுத்தால் நிரம்பிய பெட்டி கிடைக்கும். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஒரு மீட்டர் இருந்தது. விரலால் இரண்டு தட்டுத் தட்டினால், உள்ளே நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று வாய்விட்டுச் சொல்லும். பெண் குரல். கொஞ்சம் பள்ளிக்கூட டீச்சர் சாயல்.

அந்த டீச்சர் சொல்வது உண்மையா என்று பார்ப்பதுதான் குணாளனின் வேலை. பெட்டியை முட்ட முட்ட நிரப்புவான். பிறகு ஒரு சுருளை மாட்டி, அது மூச்சை விடும்வரை உறிஞ்சுவான். எவ்வளவு வெளியே வந்தது என்று எழுதிக்கொண்டு, இதுதான் உன் உச்சி, இதுதான் உன் தரை என்று மீட்டருக்குக் கற்றுக்கொடுப்பான். உறிஞ்சிய மின்சாரத்தைச் செலவழிக்கக் கம்பெனி அவனுக்கு ஒரு வரிசை விளக்குகளைக் கொடுத்திருந்தது. நல்ல மின்சாரத்தைப் பட்டப்பகலில் வெளிச்சமாகக் கொட்டுவதாவது என்று வயிறெரிந்து, அவன் விளக்குகளைக் கழற்றிவிட்டு அடுப்புச் சுருளை மாட்டியிருந்தான். அதனால் அவனுடைய கொட்டகையில் எப்போதும் டீ கொதிக்கும். புதுப் பெட்டி என்றால் நூற்றிருபது டம்ளர். எண்பதுக்குக் கீழே போனால் பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் வேறு அலகில் எழுதினாலும் மனதுக்குள் அவன் டம்ளரில்தான் நினைத்தான்.

இப்படி நிம்மதியாக டீ போட்டுக்கொண்டிருந்தவன் தலையில் அபயாம்பாள் விவகாரம் வந்து விழுந்தது.

அபயாம்பாள் ஊரின் நடு மிதவையில் மெஸ் நடத்துபவர். ஐம்பதைத் தாண்டிய, மாயவரம் பக்கத்து அம்மாள். இரண்டாம் முறை சோறு கேட்காதவர்களிடம் கோபித்துக்கொள்ளும் ரகம். தனிக்கட்டையான குணாளன் ஆறு வருஷமாக மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிடுகிறான். அவனுக்குச் சமைக்கத் தெரியாது. ஊரில் உப்பு எந்தப் படகில் விற்கிறது என்றுகூடத் தெரியாது.

அந்த அம்மாள் மின்சாரத் திருடி என்று கம்பெனி சொன்னது.

மெஸ்ஸிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளைத் தட்டினால் 'நூறு' என்றன. அடுப்பில் மாட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. பயன்படுத்தாமல் நிறைவாகத் திருப்பிக் கொடுக்கும் பெட்டிக்குப் பதில் அடுத்த மாதம் கூடுதலாக ஒரு பெட்டி தருவது கம்பெனியின் வழக்கம். ஆக, மின்சாரத்தை மீன்பிடிப் படகுகளுக்கு ரகசியமாக விற்றுவிட்டு, மீட்டரில் ஏதோ வேலை செய்து, நிறைந்த பெட்டி என்று ஏமாற்றுகிறார் என்பது குற்றச்சாட்டு. இப்படி முப்பத்தேழு வீடுகள் மாட்டியிருந்தன. முதலில் மெஸ்ஸை மூடினால் மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்று கண்காணிப்பு அதிகாரி தணிகாசலம் முடிவு செய்தார்.

தணிகாசலம் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக வந்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மூடிய கதவு, பொட்டலத்தில் வரும் சாப்பாடு. யார் வணக்கம் சொன்னாலும் தலையை அரை அங்குலம் அசைப்பார். ஊரில் அவருக்கு எதிரிகள் கிடையாது. பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மெஸ்ஸுக்கே போய், அடுப்படியில் நின்று, அபயாம்பாளிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார். அதன் நகல் குணாளன் மேஜைக்கு வந்தது. 'திருப்பிக் கொடுத்தபோது பெட்டி முழுவதும் நிறைந்திருந்தது என்று மேற்படியார் ஒப்புக்கொண்டார்.' கீழே அபயாம்பாளின் கையெழுத்து. அடுத்த வெள்ளி பத்து மணிக்கு விசாரணை. அன்றே பெட்டி அட்டை ரத்தாகும். அட்டை இல்லையென்றால் அடுப்பு இல்லை, அடுப்பு இல்லையென்றால் மெஸ் இல்லை.

குணாளன் அந்தப் பெட்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சுருளை மாட்டினான். ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சூடாகவில்லை. தட்டிப் பார்த்தான். "நூறு" என்றது டீச்சர், கூச்சமே இல்லாமல். மீட்டரின் முத்திரை உடையவில்லை, கீறல்கூட இல்லை. அக்கா திருடியிருக்க மாட்டார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதை ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வியாழக்கிழமை மத்தியானம் வரை ஒன்றும் பிடிபடவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே அவன் அபயாம்பாளிடம் நிலைமையை விளக்க முயன்றான்.

"இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் இருக்குக்கா. முழுசா இருந்தாலும் பாதியா இருந்தாலும் வெளியில ஒரே மாதிரி முகத்தை வச்சுக்கும். கடைசியில திடீர்னு தொப்புன்னு விழும். அதனால நடுவுல எவ்வளவு இருக்குன்னு நேரா பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உச்சியும் தரையும் தெரிஞ்சாத்தான் மீட்டரால கணக்குப் போட முடியும்."

"மனுஷங்கள்லயும் அப்படி இருக்காங்க தம்பி" என்று சொல்லி அபயாம்பாள் ரசத்தை ஊற்றினார்.

பெட்டிக்கு வயதாக ஆகத் தரை இடம் மாறும், மாசாமாசம் எல்லாப் பெட்டியையும் கொட்டகைக்குத் தூக்கி வந்து உறிஞ்சிப் பார்க்க முடியாது என்று அவன் மேலே சொன்னான். அதனால்தான் கம்பெனி மீட்டருக்குக் காது வைத்தது. பெட்டி தீர்ந்ததும் வீட்டிலுள்ளவர்கள் வாய்விட்டு ஏதாவது சொல்வார்கள் அல்லவா, அதைக் கேட்டுத் தன் தரையைத் தானே திருத்திக்கொள்ளும். கேட்ட பேச்சை எங்கும் பதிந்து வைக்காது. பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சை மறந்துவிடும்.

பெட்டிக்கே தெரியாதா, தான் காலி என்று? இதைக் கேட்டவர் அபயாம்பாளின் நாத்தனார் சிவகாமி. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

"உப்புக்காத்துல முனையெல்லாம் அரிச்சுப் போயிடுது. நல்ல பெட்டிகூடச் செத்த மாதிரி காட்டும். அதனால மீட்டருக்கு ஒரு கட்டளை போட்டிருக்காங்க. தான் நினைக்கிறது ஒண்ணாவும் வீட்டுல சொல்றது வேறயாவும் இருந்தா, வீட்டுல சொல்றதைத்தான் நம்பணும்."

பரவாயில்லையே, கம்பெனியில் யாரோ ஒருத்தன் நம்மை நம்பியிருக்கிறான் என்று அபயாம்பாள் சிரித்தார். பிறகு அடுப்பு மேடையில் இருந்த ஜாடியைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிவகாமியிடம் சொன்னார்: "உப்பு நிறைஞ்சிருக்கு. படகு வந்தா ரெண்டு பாக்கெட் வாங்கிப் போடு."

குணாளன் மோருக்குக் கையை நீட்டியவன் அப்படியே நிறுத்தினான்.

"நிறைஞ்சிருந்தா எதுக்குக்கா வாங்கணும்?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணம் பண்ணியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்றார் சிவகாமி. அரிசி, உப்பு, மஞ்சள் எது தீர்ந்தாலும் அடுப்படியில் நின்றுகொண்டு இல்லை, காலி, தீர்ந்தது என்று வாயால் சொல்வது வழக்கமில்லை, நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்று பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். ஜாடியில் உப்பு சுத்தமாகக் கிடையாது.

குணாளன் எழுந்தே விட்டான். கையில் ரசம் சொட்டியது.

"பெட்டி தீர்ந்துட்டா என்ன சொல்லுவீங்க?"

அபயாம்பாள் திரும்பிப் பார்த்தார். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், மீட்டருக்கு மேலே குங்குமப் பொட்டோடு, பெட்டி அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"நிறைஞ்சிருக்குன்னுதான். அதுவும் அடுப்படியிலதானே இருக்கு?"

அன்று சாயங்காலத்துக்குள் குணாளன் படகை எடுத்துக்கொண்டு முப்பத்தேழு வீட்டுக்கும் போய்வந்தான். முப்பத்தேழிலும் பெட்டி இருந்தது அடுப்படியில். சலூனில், படகுப் பட்டறையில், தையல் கடையில் இருந்த பெட்டிகளின் மீட்டர்கள் எல்லாம் ஒழுங்காகவே சொல்லின. அங்கெல்லாம் தீர்ந்தால் 'போச்சு' என்றார்கள், அல்லது எழுத முடியாத வேறு எதையாவது சொன்னார்கள்.

விசாரணைக்குக் குணாளன் ஒரு புதுப் பெட்டி, ஒரு அடுப்பு, இரண்டு கிலோ ரவை, சர்க்கரை, நெய், முந்திரி எல்லாவற்றோடும் போய் இறங்கினான். இது என்ன என்று தணிகாசலம் கேட்டார். சோதனைக் கருவிகள் என்றான். ஆபீஸ் கூடத்தில் ஊரில் பாதி நின்றது. அவர்கள் கண் முன்னால் அபயாம்பாள் கேசரி கிண்டினார். முதல் சட்டி, இரண்டாம் சட்டி என்று போய், நாலாவது சட்டியில் அடுப்பு அணைந்தது. அதற்குள் குற்றம் சாட்டியவர்கள், சாட்டப்பட்டவர்கள் எல்லோர் கையிலும் ஒரு இலைத் துண்டு. தணிகாசலம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

குணாளன் பெட்டியைத் தட்டினான். "பூஜ்யம்" என்றது. கொட்டகையிலிருந்து நேரே வந்தது, இன்னும் எந்த வீட்டுப் பேச்சும் அதன் காதில் விழவில்லை என்று அதிகாரிக்கு எடுத்துச் சொன்னான். பிறகு அபயாம்பாளைப் பார்த்தான்.

"பெட்டி நிறைஞ்சிருக்கு" என்றார் அவர், வழக்கம்போல.

குணாளன் மறுபடி தட்டினான்.

"நூறு" என்றது டீச்சர்.

கூடத்தில் எழுந்த சிரிப்பில் மிதவையே ஆடியது என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. வாக்குமூலத்தை எடுத்து ஒரு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு, அன்றைக்குத் தான் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள், அப்படியே சொல்லுங்கள் என்றார்.

"காலியா இருந்துச்சான்னு கேட்டீங்க. ஆமா சார், சுத்தமா நிறைஞ்சிருந்துச்சுன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை, வெளக்கு வேற ஏத்தி வச்சிருந்தேன், வேற எப்படிச் சொல்றது? நீங்க 'ஆமா'வை விட்டுட்டு மிச்சத்தை எழுதிக்கிட்டீங்க."

படித்துப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார். சாம்பார் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது என்றார் அபயாம்பாள்.

தணிகாசலம் வாக்குமூலத்தை நாலாகக் கிழித்து, துண்டுகளைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். தப்பு தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும், அது அவரிடம் இருந்தது. மீட்டர் மனிதர்களை நம்பியது, ஆபீஸ் மீட்டரை நம்பியது, மனிதர்களை நேராக நம்பத்தான் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள் என்று குணாளன் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருந்தான். அதை வெட்டாமல் மேலே அனுப்பியவரும் அவர்தான்.

மேலிடத்திலிருந்து உடனே தீர்வு வந்தது. சமையலறைகளில் 'காலி' என்று தெளிவாக உச்சரிக்கவும் என்று ஒரு சுற்றறிக்கை. மிதவூர்ப் பெண்கள் அதைப் படித்தார்கள், மடித்தார்கள், ஆடுகிற மேஜைக் கால்களுக்கு அடியில் வைத்தார்கள். மாற வேண்டியது மீட்டர்தான் என்று ஆகிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல். நிஜமாகவே நிறைந்திருந்தாலும் அவர்கள் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரே சொல்லுக்கு உச்சியும் தரையும் என்றால் மீட்டர் என்ன செய்யும்? நீங்கள் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று குணாளன் சிவகாமியைக் கேட்டான். அவர் யோசித்தார். மனதுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கும்போது சொன்னா சொல்லு மேல ஏறும். இல்லாதப்போ சொன்னா கடைசியில கொஞ்சம் இறங்கும். வாலு தொங்கும். காதுல விழுந்தாலே தெரிஞ்சுடும் தம்பி."

அடுத்த பத்து நாள் கொட்டகை பாட்டு வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தேழு வீட்டுப் பெண்களும் முறைவைத்து வந்து, நிரம்பிய பெட்டி முன்னால் ஒரு தடவை, தீர்ந்த பெட்டி முன்னால் ஒரு தடவை என்று நிறைஞ்சிருக்கு, நிறைஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதைப் பற்றிப் பேச்சு என்று மீட்டருக்குப் புரிய வேண்டியதில்லை, குரலின் வால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். டீச்சர் முதல் நாள் தடுமாறியது. ஐந்தாம் நாள் தேறியது. பத்தாம் நாள், சொன்னவருக்கு முன்னால் அது கண்டுபிடித்தது. குணாளனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷம் பெட்டிகளின் உச்சியையும் தரையையும் அளந்தவன், முதல்முறையாக ஒரு சொல்லின் உச்சியையும் தரையையும் அளந்திருந்தான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. தப்புப் பாடம் படித்த முப்பத்தேழு பெட்டிகளையும் நிரப்பி, ஒரே நாளில் முழுக்க உறிஞ்சிப் புதிதாகக் குறி வைக்க வேண்டும். டீயாகப் போட்டால் நாலாயிரம் டம்ளர். யார் குடிப்பது? அபயாம்பாள் அதற்கு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை நடு மிதவையில் முப்பத்தேழு அடுப்புகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றில் வடை, ஒன்றில் பால் பாயசம், ஒன்றில் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல். குணாளன் நோட்டும் பென்சிலுமாக ஒவ்வொரு அடுப்பாக ஓடினான். எந்தப் பெட்டி எத்தனை வடை தாங்கியது என்பதில் வீட்டுக்கு வீடு பந்தயம் கிளம்பி, பட்டறைக்காரர் வீட்டுப் பெட்டி இருநூற்றுப் பதினொரு வடையில் ஜெயித்தது. வயிறு நிறைஞ்சிருச்சு என்று நூறு பேர் நூறு பக்கம் சொன்னார்கள். சொற்களெல்லாம் மேலே ஏறின. மீட்டர்கள் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானப் பந்தியில் தணிகாசலம் வந்தார். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அபயாம்பாள் காதில் போட்டுக்கொள்ளாமல் இலையைப் போட்டார். அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், குறி வைத்து முடித்து மறுபடி முட்ட நிரப்பிக் கொண்டுவந்த பெட்டி ஒன்று, பேச்சுக் கேட்கும் சோதனைக்காக வாய் திறந்த நிலையில் இருந்தது. தட்டாமலேயே சொல்லும்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார். பாயசத்தை இரண்டாம் முறை அவரே கேட்டு வாங்கினார். அபயாம்பாளுக்கு அதில் அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மனத்தாங்கலும் போய்விட்டது. பக்கத்தில் வந்து நின்று, ஊர் பழகிவிட்டதா, வீட்டில் ஒரு ஆளாக எப்படிப் பொழுது போகிறது, சிரமமாக இல்லையா என்று விசாரித்தார்.

"எனக்கென்னம்மா குறை" என்றார் தணிகாசலம், இலையைப் பார்த்தபடி. "வீடு நிறைஞ்சிருக்கு."

"பூஜ்யம்" என்றது பெட்டி. "மாற்றுப் பெட்டி தேவை."

பந்தி முழுக்கச் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். அவரை அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றியவர், அதைத் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

குணாளன் நோட்டைப் பிரித்திருந்தான். பிழை என்ற கட்டத்தில் பென்சிலை வைத்துவிட்டான்: வீட்டைப் பற்றிய பேச்சைப் பெட்டியைப் பற்றியது என்று எண்ணித் தவறாக... அதற்குமேல் எழுதவில்லை. அபயாம்பாள் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தான். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதிகாரியின் இலையில் சூடான வடை ஒன்றைக் கையாலேயே வைத்தார்.

"அது சரியாத்தான் சொல்லுது சார். நாளையிலேர்ந்து மத்தியானம் இங்க வந்துடுங்க."

தணிகாசலம் தலையை அசைத்தார். வழக்கமான அரை அங்குலம் இல்லை, முழுசாகவே அசைத்தார்.

குணாளன் எழுதியதை அழித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த அடுப்புக்குப் போனான். மிதவூர் மீட்டர்களில் அந்தக் கோளாறு இன்னும் இருக்கிறது. திருத்தச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை.